மேல்பல்

ஈரத்துணி சுற்றிய சுட்டுவிரல் கீழ் ஈறின் இடது கோடியில் தொடங்கி மெல்ல வலது கோடிக்குப் போகிறது, அங்கே கொஞ்சம் நிற்கிறது, நாக்கில் படிந்த பால்வெள்ளையை ஒரே ஒரு தடவை வழித்துக்கொண்டு மேல் ஈறுக்கு ஏறுகிறது, ஏறிய இடத்தில், நட்டநடுவுக்கு ஒரு நூல் தள்ளி, என்னவோ தட்டுகிறது, அரிசிக் குருணை மாதிரி, சாதமே இன்னும் ஊட்ட ஆரம்பிக்கவில்லையே, குருணை எங்கிருந்து வந்தது என்று துணியை உருவிவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்க்கிறேன், குருணை இல்லை, பல். என் மடியில் மல்லாந்து கிடக்கிற வடிவு, என் தங்கை மகள், ஏழாவது மாதம் நடக்கிறது அவளுக்கு, என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுக்களையில் தங்கை செண்பகவல்லி தாளிக்கிற சத்தம், அங்கிருந்தபடியே அவள் கேட்கிறாள், என்னண்ணே, பல்லு கில்லு தட்டுப்படுதா, நான் வாயைத் துடைக்கிறவன் மாதிரி குழந்தையின் சிரிப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சொல்கிறேன், இல்லம்மா, ஒண்ணுமில்ல. அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சொல்வார்கள், கீழ்ப்பல் முதலில் வந்தால் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவார்கள், எது முந்த வேண்டும் எது பிந்த வேண்டும் என்று அந்தப் பச்சைமண்ணிடம் யார் போய்ச் சொல்வது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, செண்பகத்துக்கு உண்டு, அவளுக்கு என்னை விட்டால் பிறந்தவீடு என்று சொல்ல வேறு நாதி கிடையாது, அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச்சேர்ந்தபோது அவளுக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது, நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், வகிடு கோணலாகப் போகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வருவாள், மறுநாளும் கோணல்தான், அதற்கு நான் என்ன செய்ய. அவளைக் கட்டிக்கொடுத்தேன், என் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் ஒருநாள் நின்றே போனது, எட்டு வருஷம் கழித்து அவளுக்கு வடிவு பிறந்தாள், மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வீடு அமைகிறவரை தாயும் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும் மச்சான் என்று விட்டுவிட்டுப் போனார், இருக்கட்டுமே, நான் தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன், மதியம் ஒரு மணிக்குப் போனால் போதும், காலை முழுக்க வடிவு எனக்குத்தான்.

தடுப்பூசி போட்ட நர்சம்மா சொல்லிவிட்டிருந்தாள், பல்லு வரட்டும், பொறவு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பால் குடிச்சதும் சுத்தமான ஈரத்துணியால ஈறத் தொடச்சு விடுங்க. செண்பகம் ஒருநாள் முயன்று பார்த்தாள், பிள்ளை ஓங்கரித்ததும் கையை உதறிவிட்டாள், எனக்கு ஈரக்கொல நடுங்குதுண்ணே, நீயே செய்யி. செய்தேன், என் மல் வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு, கொடியில் தனியாகக் காயப்போட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கைகழுவி, எல்லாம் சரி, அந்தச் சுட்டுவிரல்தான் பதினைந்து வருஷமாக மூக்குப்பொடி அள்ளிய விரல், எத்தனை சோப்புப் போட்டாலும் நெடி போகவில்லை, முகர்ந்து பார்த்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது, டப்பாவைக் கொண்டுபோய்க் கிணற்றில் எறிந்தேன். மூன்று நாள் மண்டை கிறுகிறுத்தது, பெஞ்சு டிக்கெட் கேட்டவனுக்குப் பால்கனியைக் கிழித்துக் கொடுத்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நாலாம் நாள் வடிவு அந்த விரலைச் சப்பினாள், பொடியாவது ஒன்றாவது. ஆறாம் மாதம் ஈறு ஊறல் எடுத்து எச்சில் ஒழுகித் தாடையெல்லாம் சிவந்து நைநை என்று அழுவாள், பக்கத்து வீட்டுக்காரி தேன் தடவச் சொன்னாள், ஒரு வயசு முடியட்டும் என்று நர்சம்மா கண்டித்திருந்தாள், நான் சின்ன எவர்சில்வர் கரண்டியைப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்து அதன் முதுகால் ஈறில் ஒற்றுவேன், கண் சொக்கிப்போய்க் கிடப்பாள், பிறகு என் விரலைக் கவ்விக்கொள்வாள், பொக்கை வாய்க்கு அத்தனை பலம் எங்கிருந்து வருமோ, விடுடி என்றால் விடமாட்டாள், விடாவிட்டால் போ என்று நானும் அப்படியே உட்கார்ந்திருப்பேன், என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பிடித்துவைத்ததில்லை.

பதினோரு நாள் மறைத்தேன். பல்லு வந்துட்டாண்ணே என்று தினமும் கேட்பாள், இல்லம்மா என்பேன், கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வறுத்துத் தகரடப்பாவில் மூடிவைத்திருந்தாள், டப்பாவைப் பார்க்கவே எனக்குக் கூசும். கீழ் ஈறும் வெளுத்து வீங்கித்தான் இருந்தது, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தடவித் தடவிப் பார்த்தேன், இன்னும் நாலு நாள், கீழ்ப்பல் மட்டும் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாக வந்தது என்று சொல்லிவிடலாம், யார் கண்டது, அவள்தான் வாய்க்குள் விரல் விடுவதே இல்லையே. தெரிந்தால் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவாள், அது எனக்கு நன்றாகத் தெரியும், சாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, காலை நேரத்தைப் பற்றித்தான் நினைத்தேன். வா தாயி, சீக்கிரம் வா என்று அந்தக் கீழ்ப்பல்லைக் கெஞ்சினேன், சாமியைக்கூட அப்படிக் கெஞ்சியதில்லை.

அந்தப் பல்லை நினைத்துக்கொண்டேதான் சைக்கிளில் போனேன், மதிய ஆட்டத்துக்கு, பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் வேன் வந்ததைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஒதுங்கியிருப்பேன், ஆக அந்தப் பல்தான் என்னைத் தள்ளிவிட்டது என்று செண்பகம் சொன்னால் ஒருவகையில் சரிதான், இல்லையென்று எப்படிச் சொல்ல. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, தலையில் ஏழு தையல், கண்ணைத் திறக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டில், செண்பகம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவருகிறாள், வடிவு என்னைப் பார்த்ததும் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள், ஐயோ, சிரிக்காதடி என்று நான் கையைத் தூக்குவதற்குள் செண்பகம் குனிந்து பார்த்துவிட்டாள், மேல் ஈறில் பளிச்சென்று ஒற்றைப் பல், கீழே ஒன்றுமில்லை. அவள் அழவில்லை, பயந்த விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டாள், முதல்தடவையாக, தடவினாள், பிறகு என்னைப் பார்த்தாள், ஒனக்கு எத்தன நாளாத் தெரியும், பதினோரு நாளு, ஏண்ணே சொல்லல, சொன்னா நீ தூக்கிட்டுப் போயிருவேல்லா. அவள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி, எனக்குன்னு இருக்கது நீ ஒருத்தன்தாண்ணே என்றாள், போய்விட்டாள். மறுவாரமே தூத்துக்குடியில் வீடு பார்த்து ஏறிவிட்டார்கள்.

கீழ்ப்பல் வந்ததும் வருவாள் என்று காத்திருந்தேன், கீழ்ப்பல் ஒன்பதாம் நாள் வந்துவிட்டதாம், கடிதாசி வந்தது, பிள்ளை வரவில்லை, கட்டுப்போட்ட காலை அவள் மறக்கவில்லை. ஒரு வயதில் காதுகுத்து, மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காது, மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்தினார்கள், நான் கவுண்டரின் ஓட்டை வழியாக டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தேன், அழுதிருப்பாளா, யார் விரலைக் கடித்திருப்பாள் என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. செண்பகம் வருஷத்துக்கு ஒருதடவை வருவாள், தனியாக, முறுக்கும் போட்டோவும் கொண்டுவருவாள், போட்டோவில் வடிவு வளர்ந்துகொண்டே போனாள், எல்லாப் போட்டோவிலும் உம்மென்று வாயை மூடிக்கொண்டிருப்பாள், ஸ்டூடியோக்காரன் சிரிம்மா என்று சொல்லியிருப்பான், செண்பகம் பக்கத்தில் நின்று வாயை மூடுடி என்று சொல்லியிருப்பாள். ஏழு வயதானபோது எழுதினேன், பால்பல் எல்லாம் விழுந்திருக்குமே செண்பகம், அந்தப் பல்லும் போயிருக்குமே, இனியாவது கூட்டிக்கொண்டு வரலாமே என்று, பதில் ஒரே வரி, நீ நல்லா இருக்கணும்ணே, எனக்கு அது போதும். நன்றாகத்தான் இருந்தேன், அதுதான் கூத்து, ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது, எனக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதே பிள்ளையைத் தள்ளிவைத்ததால்தான் என்று அவளுக்கு ஆகிவிட்டது, ஒரு தடவை விழுந்து கிடந்திருந்தாலாவது சாகிற முன்னால் பார்க்கட்டும் என்று கொண்டுவந்து காட்டியிருப்பாளோ என்னவோ. வடிவு கல்யாணத்துக்கு மாமன் சீர்ப் பட்டைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். தியேட்டரை மூடிவிட்டார்கள், எனக்கு எழுபது வயது ஆகிவிட்டது, இன்றுவரை இந்த விரல் பொடி டப்பாவைத் தொட்டதில்லை, யாருக்காக என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

போன வாரம் போன் அடிக்கிறது, மாமா, நான் வடிவு பேசுதேன், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து எனக்கு வருகிற முதல் சொல், மாமா, அம்மாவுக்குப் பக்கவாதம், பேச்சு இல்ல, வாயெல்லாம் புண்ணாக் கெடக்கு, நர்சு தொடச்சுவிடச் சொல்லுதாவ, யாரு விரல் வச்சாலும் அம்மா இறுக்கி மூடிக்கிடுதாவ, சின்னதுல எனக்கு நீங்கதான் தொடச்சுவிட்டீங்கன்னு அம்மா சொல்லுவாவ, நீங்க ஒருக்க வாங்களேன். போனேன், கதவைத் திறந்தவள் செண்பகத்தின் நெற்றியும் கண்ணுமாக நின்றாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், வாயைத் திறந்து, நிறைய பல், நான் பார்க்காமல் முளைத்த பல் எல்லாம். உள்ளே கட்டிலில் செண்பகம், சர்க்கரை வந்து பல்லெல்லாம் கொட்டி, பல்செட்டையும் கழற்றிவைத்துவிட்டார்கள், கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வடிவைப் பார்த்தாள், அசைகிற ஒரு கையைத் தூக்கி வடிவைப் பார்த்து அடித்து அடித்து விரட்டினாள், தண்ணியா வேணும், என்னம்மா, என் மேல கோவமா என்று வடிவு தவிக்கிறாள், எனக்கு மட்டும்தான் புரிந்தது, இந்த நிலைமையிலும் எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதாம். கோபம்தான் வந்தது எனக்கு, அடிப் பைத்தியக்காரி என்று கத்திவிட்டேன், எழுபது ஆச்சு செண்பகம், இனிமே எனக்கு என்ன ஆகணும், நீ பயந்து பயந்து காப்பாத்துன உசுரு இந்தா இருக்கு, ஒத்தையாக் கெடந்துச்சு இத்தன வருசமும், போதும், வடிவு நிக்கட்டும். அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது, கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது, எனக்கும்தான்.

வடிவு கிண்ணத்தில் வெந்நீரும் வேட்டித்துணியும் கொண்டுவந்தாள், நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், பழக்கம், ஆ காட்டு செண்பகம், அண்ணன்தானே என்றேன், திறந்தாள். ஈரத்துணி சுற்றிய சுட்டுவிரல் கீழ் ஈறின் இடது கோடியில் தொடங்கி மெல்ல வலது கோடிக்குப் போகிறது, அங்கே கொஞ்சம் நிற்கிறது, நாக்கின் வெள்ளையை ஒரே ஒரு தடவை வழித்துக்கொண்டு மேல் ஈறுக்கு ஏறுகிறது, ஏறிய இடத்தில், நட்டநடுவுக்கு ஒரு நூல் தள்ளி, தட்டுகிறது. பல்லு ஏதும் மிச்சம் இருக்கா மாமா என்று வடிவு குனிந்து கேட்கிறாள், செண்பகம் என்னையே பார்க்கிறாள், இருக்கு தாயி, ஒண்ணு, மேல்பல்லு என்று சொல்கிறேன், மறைக்காமல். செண்பகம் வாயை மூடினாள், ஈறும் அந்த ஒற்றைப் பல்லுமாக என் விரலைக் கவ்விக்கொண்டாள், விடுங்கம்மா, மாமாவுக்கு வலிக்கும் என்றாள் வடிவு, இருக்கட்டும் தாயி, நீயும் இப்படித்தான் செய்வே என்றேன்.