பன்னிரண்டாவது கொத்து

எஸெல் செத்துப்போன அன்று சிறைக் கணக்கில் அவன் பெயரில் பதினேழு டாலர் நாற்பது சென்ட் பாக்கி இருந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு மூன்று டாலர். விழும்போது அவன் உடம்புக்கு அடியில் சிக்கி முறிந்த களைக்கொத்தின் காம்புக்குப் பதினான்கு டாலர் நாற்பது. பருத்திக் காட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கூலி இரண்டு சென்ட். அந்தக் கடனை அடைக்க எஸெல் இன்னும் எண்ணூற்று எழுபது மணி நேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அவனைப் புதைத்து ஆறாவது நாள். கிழக்கு வெளுக்கும்முன் மணி அடித்தது. ஆற்றுக் கரைமேட்டிலிருந்து இறங்கிய பனிமூட்டம் காட்டை மூடியிருக்க, வரிசை உள்ளே இறங்கியது. ஈர மண் பூட்சில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல்லாய்க் கனத்தது. கொசுக்கள் காதுக்குள் புகுந்தன. வரிசையில் பதினொரு பேர். பதினொரு பேரும் கறுப்பர்கள். பின்னால் குதிரைமேல், மடியில் துப்பாக்கியோடு கேப்டன் டால்டன்.

ஆம்ப்ரோஸ் வரிசையின் நடுவில் நின்று குரல் கொடுத்தான்.

"தூக்கு!"

களைக்கொத்துகள் எழுந்தன.

"போடு!"

ஒரே சத்தமாய் மண்ணில் இறங்கின.

குரல்காரனின் வேலை வேகம் காட்டுவதில்லை. இது கேப்டன்களுக்குத் தெரியாது, வரிசைக்குத் தெரியும். எல்லாக் கொத்தும் ஒன்றாய் விழுந்தால் எவன் சோர்ந்தவன் என்று குதிரைமேல் இருப்பவனுக்குத் தெரியாது. யாருக்காவது மூச்சு முட்டினால் குரலை இழுத்து, நீட்டி, ஓர் இருமலை இடையில் போட்டு, வரிசை முழுவதையும் அவன் நடைக்கு இறக்கிவிட வேண்டும். இருபத்தேழு வருஷமாய் ஆம்ப்ரோஸ் அதைச் செய்திருக்கிறான்.

எஸெல் விழுந்த அன்றைக்கு ஒருநாள் மட்டும் செய்யவில்லை.

"அக்டோபர்ல விடுதலைக் குழு முன்னாடி நிக்கப் போறே இல்ல? குரலைக் கொஞ்சம் இறுக்கு, வேகம் வேணும்" என்றான் கேப்டன். ஆம்ப்ரோஸ் இறுக்கினான். மகள் ஒடெஸ்ஸா பின்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தாள். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன் அந்தக் கடிதத்தை மனப்பாடம் ஆகுமளவு படித்திருந்தான். உச்சி வெயிலில் பன்னிரண்டாவது கொத்து, எஸெலுடையது, அரை மூச்சு பிந்தி விழுந்தது. அவன் காதில் விழுந்தது. பிறகு அது விழவே இல்லை. அதுவும் காதில் விழுந்தது. அதற்கப்புறமும் நான்கு தரம் குரல் கொடுத்தான்.

இப்போதும் "போடு!" என்றதும் பதினொரு கொத்துகள் இறங்கின. அரை மூச்சு கழித்து இன்னொன்று, ஓரத்துச் சாலில்.

ஆம்ப்ரோஸ் திரும்பினான். கடைசிச் சால் வெறுமையாய்க் கிடந்தது. ஆறு நாளாய் யாரும் அதில் கால் வைக்கவில்லை. அங்கே மட்டும் களை கணுக்காலளவு வளர்ந்திருந்தது. மூட்டம் அதன்மேல் மெல்ல நகர்ந்தது.

பக்கத்தில் இருந்த மோஸ் வாயைத் திறக்காமலே பேசினான். "அண்ணே, உனக்கும் கேக்குதா?"

"என்னது?"

"நடிக்காதண்ணே. அவன் உசுரோட இருக்கும்போதே தாளம் தெரியாத பய. செத்தும் கத்துக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் சிரிக்கப் போய் விம்மினான். அடுத்தவன், "எனக்கும்" என்றான். அதற்கடுத்தவன் தலையை மட்டும் ஆட்டினான். தன் காதுக்குள் மட்டும் இருப்பதாக ஆம்ப்ரோஸ் நினைத்திருந்த சத்தம், வரிசை முழுக்க இருந்தது.

வெயில் ஏறியபோது தண்ணீர் வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் வேட்; வெள்ளைக்காரக் கைதி, கணக்கு எழுதுபவன். அவனும் எஸெலும் ஒரே ஊர், ஒரே மாதிரி கடைக் கொள்ளை, ஒரே நீதிபதி. வேடுக்குப் பத்து வருஷமும் மின்விசிறி ஓடும் அறையும். எஸெலுக்கு ஆயுளும் பருத்திக் காடும். எஸெலின் பாட்டனுக்குப் பாட்டனும் இதே மண்ணில்தான் பருத்தி எடுத்தான். அன்றைக்கு அவனுக்குப் பெயர் கைதி இல்லை, அடிமை; அவ்வளவுதான்.

வேட் கையில் ஒரு காகிதம். கேப்டன் குதிரையை ஆம்ப்ரோஸ் அருகே கொண்டுவந்தான்.

"கையெழுத்துப் போடு. எஸெல் எப்படிச் செத்தான்னு மேலதிகாரிங்க கேக்கறாங்க. குரல்காரன் சாட்சி வேணுமாம்."

ஆம்ப்ரோஸ் ஒவ்வோர் எழுத்தாய் விரல் வைத்துப் படித்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"மந்திரமாடா ஓதறே? சீக்கிரம்!"

"கேப்டன், எஸெல் கோவத்துல காம்பை உடைச்சான்னு இருக்கு."

"ஆமா."

"தண்ணி குடுத்தோம்னு இருக்கு."

"ஆமா."

"அவன் டாக்டரைக் கேக்கவே இல்லன்னு இருக்கு."

"கேக்கல."

"அப்ப அந்த மூணு டாலர் எதுக்குக் கேப்டன்?"

கேப்டன் வேடைப் பார்த்தான். வேட் தன் பூட்சைப் பார்த்தான்.

"இங்க பார்," கேப்டன் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு அக்டோபர் வேணுமா, வேணாமா? ஒரு வரி எழுதி அனுப்பினேன்னா நீ இங்கேயே அழுகணும். போய் வரிசையை எடு. யோசிச்சுட்டே வேலை செய்."

ஆம்ப்ரோஸ் தன் இடத்துக்குப் போனான். பின்னறை, கட்டில், ஒடெஸ்ஸாவின் சாய்ந்த கையெழுத்து. எல்லாவற்றையும் ஒருதரம் மனதில் பார்த்துக்கொண்டான்.

"தூக்கு!"

பதினொரு களைக்கொத்துகள் எழுந்து வெயிலில் மின்னின.

ஆம்ப்ரோஸ் வாயை மூடிக்கொண்டான்.

கொத்துகள் மேலேயே நின்றன. கைகள் நடுங்கத் தொடங்கின. ஒன்றுகூட இறங்கவில்லை. குதிரை இரண்டடி பின்வாங்கியது. கேப்டன் துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்தான்.

"போடுன்னு சொல்லுடா! சொல்லு!"

"அண்ணே," மோஸ் முனகினான், "சீக்கிரம் ஏதாவது சொல்லு. கையி கழண்டுரும்போல."

"மெதுவா வைங்க," என்றான் ஆம்ப்ரோஸ். "சத்தம் வராம."

பதினொரு பேரும் குனிந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கருவிகளைத் தரையில் வைத்தார்கள்.

"உன் அக்டோபர் போச்சு!" கேப்டன் கத்தினான்.

"தெரியும் கேப்டன்."

"வேற எவன் குரல் குடுக்கறான்? மோஸ்! உனக்கு நாளையிலருந்து சமையல்கட்டு. குடு!"

"எனக்குத் தொண்டை கட்டிருக்கு கேப்டன். டாக்டரைப் பாக்கலாம்னா மூணு டாலர் இல்ல."

கேப்டன் வரிசை நெடுக ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தான். எந்த முகமும் குனியவில்லை. வாக்கி-டாக்கியில் ஆட்களைக் கூப்பிட்டான். பிறகு, மேலதிகாரிகள் ஞாபகம் வந்ததோ என்னவோ, குரலை மாற்றினான்.

"என்னதான் வேணும் உங்களுக்கு? அந்தக் கடன்தானே? சரி, வேட், எல்லாத்தையும் அடிச்சுடு. பதினேழு டாலரும் தள்ளுபடி. ஆச்சா? எடுங்க கொத்தை."

"காம்பை அடிச்சுக்கோங்க," என்றான் ஆம்ப்ரோஸ். "மூணு டாலரை அடிக்கக் கூடாது. அதை நாங்க கட்டறோம். பதினோரு பேர் கணக்குலயும் பிரிச்சுப் பிடிச்சுக்க வேட். ரசீது வேணும். எதுக்குக் கட்டினோம்னு அதுல எழுதணும்."

அந்த ரசீது இருந்தால் எஸெல் டாக்டரைக் கேட்டான் என்பதற்கு அதுவே சாட்சி என்று கேப்டனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "எழுதாதே!"

வேட் ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மின்விசிறி ஓடும் அறை, இன்னும் இரண்டே வருஷம். அவன் கடைசிச் சாலைப் பார்த்தான்; அந்தக் களையைப் பார்த்தான். பிறகு வண்டியின் மூடிமேல் புத்தகத்தை வைத்து, அடியில் கார்பன் தாளைச் செருகினான்.

"வேட்! அந்தக் கூட்டத்துல ஒருத்தனா நீயும்?"

வேட் குனிந்து எழுதத் தொடங்கினான். பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. ஆற்றுப் பாதையில் புழுதி கிளம்பியிருந்தது. நான்கைந்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வரிசை நெருங்கி நின்றது, தோளோடு தோள் உரச. எஸெலின் இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் காதைத் தீட்டிக் கேட்டான். ஓரத்துச் சாலில் எந்தச் சத்தமும் இல்லை.

"சத்தமாப் படி," என்றான்.

வேட் தொண்டையைச் செருமிக்கொண்டான். காடு முழுக்கக் கேட்கும்படி படித்தான்.

"எஸெல். டாக்டரைப் பார்க்கணும்னு கேட்டதுக்கு, மூணு டாலர். கட்டியாச்சு. பாக்கி இல்ல."