பறக்கிற நாளில் பருப்பு

முனீரா புதிய போர் விமானத்தை முதன்முதலாக மேலே எடுத்துச் சென்ற செவ்வாய்க்கிழமை, டன்லப் ஸ்ட்ரீட்டில் அவள் அத்தா அப்துல் காதரின் கடையில் அப்போதுதான் தம் உடைத்த ஆட்டுக்கறி பிரியாணி அழுகிப்போனது. சோற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறி மட்டும் பச்சை பூத்து, புழு நெளிந்து, வெயிலில் ஒரு வாரம் கிடந்ததுபோல நாறியது. அந்த வாடை சிராங்கூன் ரோடு பூக்கடைகள் வரை போய் மல்லிகையை யாரும் வாங்க முடியாமல் செய்தது. பக்கத்துக் கடைக் கறி நன்றாகவே இருந்தது. சுகாதார அதிகாரிகள் வந்து அடுப்பையும் குளிர்பெட்டியையும் சமையல்காரரின் நகத்தையும் சோதித்து, குறையொன்றும் இல்லை என்று மூக்கைப் பிடித்தபடி சொல்லிப் போனார்கள். அன்று ஒரு தட்டு பிரியாணி எட்டு வெள்ளி ஐம்பது காசு.

பழைய விமானத்தை அவள் பல வருடம் ஓட்டியிருக்கிறாள். ஒரு கோழிக்கால்கூடக் கெட்டதில்லை. புதியது வந்தபோது இருக்கைகள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். முதல் தொகுதி விமானிகளில் முனீராவின் பெயரும் வந்ததும் வட்டாரமே அவளைத் தன் மகள் என்றது. காதரின் மைத்துனர் அஹ்சன் தன் துணிக்கடை வாசலில் அவள் படத்தைப் பெரிதாகத் தொங்கவிட்டு, அதன் கீழேயே தள்ளுபடி விலையையும் எழுதினார். அவள் பறந்த நாளெல்லாம் கறி அழுகுகிறது என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்ன அன்று மாலையே அந்தப் பேனரைக் கழற்றி மூட்டைகளின் மேல் போர்த்திவிட்டார். பொம்பளைப் பிள்ளையிடம் அதைக் கொடுத்திருக்கவே கூடாது என்றன, முந்தின வாரம் மாஷா அல்லாஹ் சொன்ன அதே வாய்கள். அண்டாவின் நாற்றத்தையாவது சகித்துக்கொள்ளலாம்.

காதர் மகளிடம் மூச்சுவிடவில்லை. வியாபாரம் அமோகம் என்று போனில் சொல்லிவிட்டு, அண்டாவைக் குப்பையில் கவிழ்த்துக் கையை எலுமிச்சை போட்டுத் தேய்ப்பார். ஒரு நாள் முனீரா பறந்து முடித்து, சொல்லாமல் கடைக்கு வந்து நின்றாள். பின்கட்டில் குப்பைத்தொட்டி மூடி போடாமல் இருந்தது. அந்த விமானம் கீழே இருப்பவர்களை என்ன செய்யக்கூடியது என்று பயிற்சியில் அவளுக்கு விவரமாகச் சொல்லியிருந்தார்கள், வாடையைச் சொல்லவில்லை. தொட்டியை வெகுநேரம் பார்த்தாள், பிறகு சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்தாள். அவள் முறையில் அதே தொகுதியைச் சேர்ந்த ரகுபதி பறந்தான். அண்டா மணத்தது. அஹ்சன் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு விரலை நக்கியபடி தீர்ப்புச் சொன்னார்.

"பாத்தீங்களா மச்சான்? புள்ள எறங்குச்சு, கறி மணக்குது. திங்கக்கெழம எழுதிக் குடுத்துட்டு டெஸ்க் வேலை கேக்கச் சொல்லுங்க லா."

விட்டுக்கொடுத்த இருக்கை திரும்பக் கிடைக்காது. அது முனீராவுக்கும் தெரியும், காதருக்கும் தெரியும். ஆனால் கடை இன்னொரு மாதம் தாங்காது. "எழுதிக் குடுத்துடறேன் அத்தா" என்றாள். காதர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டியிலிருந்து ஓர் அம்மாள் வந்து நான்கு பொட்டலம் கேட்டாள். காசைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"பாய், நான் ரகுபதியோட அம்மா, சரசு. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு பறக்குறப்ப உங்க அண்டாவும் நாறுதாமே?"

"உங்க வீட்லயுமா?"

"அவன் அந்தப் புது ப்ளேன்ல ஏறுன நாள்லேர்ந்து. இந்த வாரம் பூரா மீன் வாங்குறது, கொட்டுறது. மருமக கை சுத்தமில்லன்னு அவள குவீன்ஸ்டவுனுக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன் பாய்."

அங்கே மருமகள், இங்கே மகள். ரகுபதி ஓர் ஆண்பிள்ளை என்பதால் அவன் பக்கம் ஒரு மூக்குகூடத் திரும்பவில்லை.

முனீரா உள்ளேயிருந்து வந்தாள். "ஆன்ட்டி, மொதல்ல அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றாள். காதர் துடைத்த துணியை மேசையில் போட்டுவிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்குப் பறக்கணும்?" என்று மகளைக் கேட்டார்.

மறுநாள் அண்டா அழுகியது. "நான் அப்பவே சொன்னேன், கடை இருக்குற எடம் சரியில்லன்னு" என்று சொல்லிவிட்டு அஹ்சன் மூட்டைத் தூசியோடு பேனரைத் திரும்ப மாட்டினார். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இப்போது அந்தப் புது விமானத்துக்கு விமானிகள் அதிகம். பொங்கோல் பக்கமும் சில வீடுகளில் வாரத்தில் இரண்டு நாள் கறி எடுப்பதில்லை. ஏனென்று அண்டைவீட்டார் கேட்பதும் இல்லை. ரகுபதி பறக்கும் நாளில் காதர் கிளமெண்டிக்குப் பிரியாணி அனுப்புகிறார்; அதை வாங்கிப் பரிமாறுவது மருமகள். முனீரா பறக்கும் நாளில் கடையில் பருப்பும் கத்தரிக்காயும்தான். இடிமழை பெய்து யாரும் பறக்காத நாளில் குடையோடு கூட்டம் வரிசை பிடிக்கிறது. முனீரா அந்த நாளிலும் கறி தொடுவதில்லை. அத்தா அவளுக்கென்று தனியாகப் பருப்பு எடுத்து வைக்கிறார்.

மதியம் வருகிறவர்கள் வாசலில் நின்று ஒருமுறை வானத்தைப் பார்க்கிறார்கள். "பாய், இன்னிக்குப் பருப்பா?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்கள். பருப்புச் சாப்பாடு ஆறு வெள்ளி, அப்பளம் தனி.