பாதிப் பொட்டலம்

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் இரண்டும் வீங்கி, மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவளை இன்னமும் பாப்பா என்று கூப்பிட மிச்சமிருந்தது அவளுடைய அண்ணி ஒருத்திதான். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. மூன்றாம் மாடி வீட்டில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டையும் சமாதானமுமாகக் காலம் ஓடியது.

அண்ணிக்கு நோய் விரலில். பொய்ப்பல் செய்யும் பட்டறையில் இருபது வருட வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மயிரிழை பிசகாமல் வரிசைப்படுத்த வேண்டும். மூட்டுவாதம் வந்தபின் காலையில் விரல்கள் மடங்கவே பத்து மணியாகும். முதலாளி நல்ல மனிதர். அதனால்தான், "மூணு மாசம் பாப்போம்மா" என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தச் சமயம் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். ஊதா நிறப் பொடி, தினம் ஒரு பொட்டலம், பன்னிரண்டு வாரம்.

"கறுப்புத் திராட்சை மாதிரிப் பழத்தோல்ல நிறம் கொடுக்கிற சத்து இது. ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்வாங்க" என்றாள் ஆய்வு நர்ஸ். "மூட்டுக்குள்ள நடக்கிற சேதத்தை இது கொஞ்சம் தடுக்கலாம்னு ஒரு நம்பிக்கை. நிஜமாத் தடுக்குதான்னு பாக்கத்தான் இந்த ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் சாயம் கலந்த மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

ஒழுங்காக முடிப்பவர்களுக்கு அதன்பின் ஒரு வருடம் நிஜப் பொடியே இலவசம் என்றார்கள். அண்ணியை எடுத்துக்கொண்டார்கள். கூடப் போன பாப்பாவை, முழங்கால் கேஸ் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள்.

பக்கத்தில் ஒருத்தி காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் குடிக்க அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. முதல் நாளே பொடியைத் தட்டில் கொட்டி, மெழுகு சீவும் கத்தியால் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு டம்ளரில் போட்டாள். "வெளிய மூச்சு விடாதே" என்றாள். தினமும் அப்படிப் பிரித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைப்பது பாப்பாவின் பொறுப்பு. அண்ணி வருவதற்குள் பாப்பாவின் டம்ளர் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

ஒரே மாதத்தில் பாப்பா முனகாமல் படியேறினாள். "வலி போன இடம் தெரியல அண்ணி!" அண்ணியின் விரல்களும் எட்டு மணிக்கே மடங்கத் தொடங்கின.

பதினோராம் வாரம் பட்டறைக்கு ஒரு பல்செட் திரும்பி வந்தது. வாயில் அச்சு எடுத்த பல் டாக்டர் எங்கோ அவசரப்பட்டிருக்கிறார். மேசைமேல் முத்து முத்தாக இருந்த பல், போட்டவர் ஈறைப் புண்ணாக்கிவிட்டது. அளவு பொய் என்றால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன? அண்ணிக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் தானும் ஒரு பொய் அளவைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதை நம்பி நாளைக்கு யார் யாரோ சாப்பிடுவார்கள், யார் யாரோ சாப்பிடாமலும் விடுவார்கள்.

கடைசி நாள் பாப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய், வெளியே உட்காரவைத்துவிட்டு, உள்ளே நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பன்னண்டு வாரமுமா? அப்ப உங்களைக் கணக்குல எடுக்க முடியாதும்மா. அந்த ஒரு வருஷப் பொடியும் கிடைக்காது."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

"உங்க நாத்தனாரைக் கூப்பிடுங்க. எங்க பார்வையில இல்லாம சாப்பிட்டிருக்காங்க, ரத்தம் பாத்தாகணும்."

உள்ளே வந்த பாப்பா ஊசியைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள்.

"எனக்கு எதுக்கு ஊசி? நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல."

"என்னடி சொல்றே?"

"என் பாதியையும் உங்க டம்ளர்லதான் கொட்டினேன். விரல் மடங்கலன்னா உங்களுக்கு வேலை போயிடும். எனக்கென்ன, வீட்டுல காலை நீட்டி உக்காந்தா ஆச்சு."

"வலியே போயிடுச்சுன்னியே?"

"அப்படிச் சொல்லலன்னா கண்டுபிடிச்சிருப்பீங்களே!"

அண்ணி கணக்குப் போட்டாள். மூன்று மாடி, ஐம்பது நாளுக்கு மேல், சில நாள் இரண்டு முறை. அத்தனை படியையும் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக ஏறியிருக்கிறாள் பாவி. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

நர்ஸ் பேனாவை மறுபடி எடுத்தாள். "நடந்ததை நடந்தபடி எழுதுறேன். உங்களை வச்சுக்கிறதா நீக்குறதான்னு மேல இருக்கிறவங்க சொல்லுவாங்க" என்றாள். பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பி, "நிஜத்தைச் சொல்லுங்க. வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். "எட்டு."

பாப்பாவின் முழங்காலைக் காட்டப் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். முதல் படியில் பாப்பா வழக்கம்போல உதட்டை இறுக்கினாள். அண்ணி அவளை நிறுத்தினாள்.

"கத்து."

"என்ன அண்ணி?"

"வலிச்சா கத்துடி. அடக்கி வச்ச இத்தனை நாளுக்கும் சேத்துக் கத்து."

பாப்பா கத்தினாள். படிக்குப் படி "அம்மாடி" என்று அலறினாள். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அண்ணி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நாத்தனாரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த அவள் விரல்கள் நன்றாகவே மடங்கியிருந்தன.