பைப்பை உடைத்துக் காட்டிய வெள்ளிக்கிழமை

பிராங்கிளின் புரோகிராம் எழுதுவார், நான் அதை உடைப்பேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. லாரி எடை மேடைகளுக்கு கம்ப்யூட்டர் செய்து விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. திருவொற்றியூரில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடி. லாரி போனால் மேஜை ஆடும். பிராங்கிளினின் தன்னம்பிக்கை மட்டும் ஆடாது.

விஷயம் இதுதான். லாரி மேடையேறியதும் ஒரு புரோகிராம் எடையைப் படிக்கும், இன்னொன்று சீட்டு அச்சடிக்கும். இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டருக்குள் ஒரு பைப். முதல் புரோகிராம் ஒரு முனையில் எழுத, இரண்டாவது மறுமுனையில் வாசிக்கும். பைப்பில் கொஞ்சம்தான் கொள்ளும். அச்சு மெதுவானால் அது நிரம்பிவிடும். இடம் கிடைக்கும்வரை எழுதுகிற புரோகிராம் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஒரு லாரியின் எடைகூடத் தொலையக் கூடாது.

தொலைந்தது. போன மாதம் ஒத்திகையில், என் கண்ணெதிரே, எடை படிக்கும் புரோகிராம் சத்தமில்லாமல் செத்துப்போனது. திரையில் ஒரு வார்த்தை வரவில்லை. நான் பிராங்கிளினைக் கூட்டிவருவதற்குள் யாரோ எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை அவருக்குக் காட்டிக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

லோடு தாங்காமல்தான் செத்தது என்று அவரிடம் சாதித்துவிட்டு, அன்று முதல் அந்தப் பைப்பைப் படாதபாடு படுத்தினேன். எண்ணூர் சாலையில் மாதம் முழுக்க ஓடும் லாரிகளை ஒரே காலையில் பொய்யாக அனுப்பினேன். அச்சடிக்கும் புரோகிராமைத் தூங்கவைத்து பைப்பை நிரப்பினேன். எழுதுகிற புரோகிராம் நல்ல பிள்ளையாகக் காத்திருந்தது. பிராங்கிளின் டீ கிளாஸோடு வந்து “செத்துச்சா?” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்.

கடைசியில் முதலாளி திருமுருகன் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை எண்ணூரிலிருந்து எடை மேடைக்காரர் தேசப்பன் மிஷினை எடுத்துப்போக வருகிறார். அதற்குள் குறையைக் காட்டு. முடியாவிட்டால் சரி என்று கையெழுத்துப் போடு, இனிமேல் ‘பார்த்தேன்’ என்று என்னிடம் வராதே. எண்ணூரில் எடை தொலைந்தால் லாரிக்காரர்கள் தேசப்பன் சட்டையைப் பிடிப்பார்கள், அவர் எங்களைப் பிடிப்பார் என்ற கவலை எனக்கு இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், நான் பொய் சொல்லவில்லை என்று பிராங்கிளின் ஒருமுறையாவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற வெறிதான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தேசப்பன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நரைத்த மீசை, வேட்டி, வியர்வை. அப்போது என் கடைசிச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பைப் நிரம்பி, திரை அசையாமல் நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். எதையும் தொடவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு நாள் கேட்டுச் சண்டை போட முதலாளி அறைக்குப் போனேன். கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது தேசப்பன் மிஷின் முன்னால் நின்றபடி திருதிருவென விழித்தார்.

“ரொம்ப நேரமா அப்டியே நின்னுகினு கீதும்மா. பிரிண்ட் புரோகிராம மூடித் தொறந்தேன். இப்போ சுத்தமா பூட்ச்சு.”

பார்த்தேன். எடை படிக்கும் புரோகிராமைக் காணோம். ஒரு வார்த்தை இல்லாமல், அன்றைக்குப் போலவே, செத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷினைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அவர் பதறினார். அழாதே, முதலாளியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

“அண்ணே, இன்னொரு வாட்டி அதே மாதிரி பண்றீங்களா?” என்று கேட்டேன். அவர் ஓரடி பின்வாங்கினார்.

எல்லாரையும் கூப்பிட்டேன். பைப்பை மறுபடி நிரப்பினேன். தேசப்பன் தயங்கித் தயங்கி அச்சடிக்கும் புரோகிராமை மூடித் திறந்தார். மறுபடி செத்தது. அப்போதுதான் எனக்கே விளங்கியது. வாசிக்கும் முனையில் ஆளில்லாத பைப்பில் எழுதினால், எழுதுகிற புரோகிராமை ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டிவிடும். அது அதன் சட்டம். அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது பிராங்கிளின், செய்யவில்லை. நானும் லாரி லாரியாகத் திணித்தேனே தவிர, வாசிக்கிற புரோகிராமையே எழுப்பி வெளியே அனுப்பிப் பார்க்கவில்லை. போன மாதமும் யாரோ அதை மூடித் திறந்திருக்க வேண்டும்.

பிராங்கிளின் அதைத்தான் பிடித்துக்கொண்டார். லோடு தாங்காமல் சாகிறது என்று நான் சொன்னது தப்பாம். அது தப்புதான், எனக்கு எரிந்தது. அதோடு விட்டாரா? வேலை நடக்கும்போது நடுவில் யாராவது பிரிண்ட்டை மூடுவார்களா என்று கேட்டார்.

“பின்ன? வெளிய லாரிக்காரன் ஆரன் அட்ச்சுகினே கீறான், நான் கையக் கட்டிகினு வேடிக்க பாக்கணுமா?” என்றார் தேசப்பன். “எங்க ஆளுங்க அல்லாரும் இத்தத்தான் செய்வாங்க.”

முதலாளி சங்கடத்தோடு, பிராங்கிளின் உடனே சரிசெய்து தருவார், சாயங்காலமே எடுத்துப்போகலாம் என்றார். தேசப்பன் பிராங்கிளினை மேலும் கீழும் பார்த்தார்.

“இவரு சரின்னா பத்தாது நைனா. அந்தப் பொண்ணு சரின்னு சொல்லட்டும், அப்பால எட்த்துகினு போறேன்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கீபோர்டைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து பிராங்கிளின் தன் நாற்காலியை என் மேஜைக்கு உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டீ கிளாஸ் இல்லை.

“சரி, நீ பாத்தது நிஜம்தான்,” என்றார் மெதுவாக. “இன்னும் இவங்க என்னென்ன பண்ணுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தேசப்பனைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, முதல் வேலையாகப் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கினார்.