சம்ப்புக்குள் நாலு கதவு

மதுரங்குளியில் வெல்டிங் கடை வைத்திருந்த லத்தீபுக்கு ஒயில் சம்ப் புதிதல்ல. எஞ்சினுக்கு அடியில் ஒயிலைத் தாங்கிக்கொண்டு தொங்கும் அந்தத் தகரச் சட்டி கல்லில் அடிபட்டு ஓட்டையாகி, மாதத்துக்கு இரண்டு மூன்று அவர் கைக்கு வரும். ஒட்டிக் கொடுப்பார். ஆனால் சம்ப்புக்குள் கதவு போட்டுத் தரும்படி இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

கேட்டவன் கற்பிட்டிக் கரை ஜோர்ஜ். கடல் தொழில் செய்பவன். முன்பு இரண்டு தடவை படகுச் சாமான் ஒட்டுவிக்க வந்திருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சாக்கைத் தூக்கிவந்து பெஞ்சில் வைத்தான். உள்ளே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த ஒரு காரின் சம்ப். கூடவே கொப்பித் தாளில் பென்சிலால் கீறிய ஒரு படம்.

“நடுவில நாலு தகட்ட நிமித்தி ஒட்டி, பெட்டி மாதிரி எடுக்கோணும் லத்தீப் நானா. ஒவ்வொரு தகட்டிலயும் அடியில ஒரு சின்னக் கதவு. பிணைச்சல் போட்டு, லேசா ஆடுற மாதிரி. ஆனா உள்பக்கம் மட்டுந்தான் திறக்கோணும். வெளிய திறக்கவே கூடாது.”

“ஒயிலுக்கு என்னத்துக்குத் தம்பி கதவு?”

“உள்ள போனது வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான்.”

அதற்குள் அவனுடைய ஃபோன் அடித்தது. படகு இறக்க ஆட்கள் காத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

லத்தீப் படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பிடித்துப் பார்த்தார். சம்ப்புக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒயில் மேலேயிருந்து விழும், அடியில் தங்கும், குழாய் உறிஞ்சும், திரும்ப மேலே போகும். இதில் எதற்குப் பெட்டி, எதற்குக் கதவு? ஒயில் என்ன ஆடா மாடா, பட்டியில் அடைத்து வைக்க?

பக்கத்து டயர் கடை இப்றாஹிம் பிளேன்டீயோடு வந்தவர், படத்தைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“மச்சான், இது ஒயிலுக்கு இல்ல.”

“பின்ன?”

இப்றாஹிம் எழுந்துபோய்த் தன் கடையிலிருந்து பேப்பரைக் கொண்டுவந்தார். கற்பிட்டிக் கடலோரத்தில் ஒரு வேனின் பெற்றோல் தாங்கிக்குள்ளிருந்து நேவி தங்க பிஸ்கட் எடுத்த செய்தி படத்தோடு வந்திருந்தது. பிஸ்கட் இந்த அளவுதான் என்று தன் சட்டைப் பையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து, தாளில் கீறியிருந்த கதவின்மேல் வைத்தார். அளவு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

“உள்ள போனது வெளிய வரக்கூடாதாம். விளங்குதா?”

லத்தீபுக்கு விளங்கியதும் விளங்காததும் ஒன்றாக வந்தது. கொதிக்கிற ஒயிலுக்குள் யாராவது தங்கத்தைப் போடுவார்களா? போட்டால்தான் என்ன, தங்கம் உருகியா போகும்? ஜோர்ஜின் முகத்தை நினைத்துப் பார்த்தார். கள்ள முகமாகத் தெரியவில்லை. கள்ள முகம் எப்படி இருக்கும் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். லத்தீபால் முடியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த கடைசி வருஷங்களில் ஒரு லொறிக்காரனுக்கு அவர் சாமான் பெட்டி ஒன்று ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் எதையோ ஒளித்துக் கொண்டுபோய் அவன் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். பெட்டி செய்தவனையும் தேடி வந்தார்கள். பதினொரு நாள் உள்ளே வைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: உனக்குத் தெரியாதா? தெரியாது என்றார். யுத்தம் நடந்த மன்னார்ப் பக்கமிருந்து வந்தவன் என்பதை அடையாள அட்டையில் பார்த்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார்கள்.

இப்போது யுத்தம் முடிந்து எட்டு வருஷம். ஆனாலும் அதே கேள்வியை நாளைக்கு யாராவது கேட்டால்? தெரியாது என்று சொல்ல முடியாதபடி இப்றாஹிம் செய்துவிட்டார். தெரியும் என்று சொல்லவும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டில் மனைவி றஹ்மாவிடம் சொன்னார். அந்தப் பதினொரு நாளும் சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றவள் அவள்.

“திருப்பிக் குடுத்திருங்க.”

“செய்து தாறன் எண்டு வாங்கி வச்சிட்டனே. நல்ல பொடியனா இருந்தா?”

“அப்ப கேளுங்க.”

“என்னெண்டு கேக்கிற? கள்ளக் கடத்தலா செய்யிறாய் எண்டா?”

ஆனாலும் கேட்பதென்றுதான் ஃபோன் எடுத்தார். ஜோர்ஜ் கடலில் இருந்தான். அன்றும் மறுநாளும் தொடர்பு கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை வேலையைத் தொடங்கினார். கை வேலைக்குள் இறங்கியதும் மனம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. தகட்டை வெட்டி, மட்டம் பார்த்து, நான்கு பக்கமும் ஒட்டினார். கதவுகளை அரத்தால் ராவி, பிணைச்சலில் கோத்தார். விரல் நுனியால் தொட்டால் உள்ளே போய்த் திரும்பி வந்து டிக்கென்று மூடிக்கொண்டன. பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகே அவரை மறுபடியும் பயமுறுத்தியது. இவ்வளவு நுட்பமாக எதை அடைக்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, கடையைத் திறந்து, ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தார். நாலு கதவுக்கும் நாலு பொட்டு. இனிமேல் அது பார்வைக்குத்தான் கதவு, திறக்காது. வேலையை மறுத்ததாகவும் இல்லை, குற்றத்துக்குத் துணைபோனதாகவும் இல்லை. இது புத்திசாலித்தனமா, கோழைத்தனமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஜோர்ஜ் வரவில்லை. அவனுடைய தங்கச்சி நிஷாந்தினி வந்தாள். முப்பதுக்குள் வயதிருக்கும். ஹயர் வேனை றோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்து, கட்டி வைத்திருந்த சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டாள்.

“பிரிச்சுப் பாக்கேலயா பிள்ளை?” என்றார் லத்தீப்.

“நீங்க செய்தா பாக்கத் தேவையில்ல எண்டு அண்ணன் சொன்னார், நானா.”

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பார்த்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் போய்விட்டது.

திங்கட்கிழமை குடிதண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று வந்தது. தாங்கிக்குள் ஒரு தகடு விட்டுப்போயிருந்தது. லத்தீப் மேல் மூடி வழியாக உள்ளே இறங்கினார். இதுபோல எத்தனை பவுசர் செய்திருப்பார்! தாங்கிக்குள் குறுக்கே தகடுகள், தகடுகளில் ஓட்டைகள். ஒட்டி முடித்துத் தலையை வெளியே நீட்டியபோது ட்ரைவர் கேட்டான்:

“இப்ப வளைவில ஓடேலுமா நானா? தண்ணி முழுக்க ஒரு பக்கமா அள்ளிக்கொண்டு போய், போன கிழமை பாலாவியில பிரளப் பாத்திச்சு.”

“ஏலும், ஏலும்,” என்று சொன்ன லத்தீப், பாதி உடம்பு தாங்கிக்குள் இருக்க, அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் போனால் ஒயிலும் போகும். வேகமாக வளைந்தால் ஒயில் எல்லாம் ஓரத்தில் ஏறிவிடும். நடுவிலிருக்கும் குழாய் எதை உறிஞ்சும்? காற்றைத்தான். உள்ளே போன ஒயில் வெளியே வரக்கூடாது! அதற்குத்தான் பெட்டி, அதற்குத்தான் ஒருபக்கக் கதவு. அவரோ அந்தக் கதவுகளை அடைத்துவிட்டார். பெட்டிக்குள் இருக்கிற கொஞ்ச ஒயிலை உறிஞ்சி முடித்ததும் எஞ்சின் வறண்டு இறுகிப்போகும்.

அப்படித்தானா? அல்லது இதுவும் தன் கற்பனைதானா? இரண்டு பக்கமும் நியாயமாகவே பட்டது. ஜோர்ஜின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லத்தீப் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே றோட்டுக்கு வந்து, ஆட்கள் பார்த்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வீட்டுக்குச் சொல்லவில்லை என்பது நினைவு வந்தது.

ஜோர்ஜின் வீட்டுக் கிடுகு வேலிக்குப் பின்னால், தென்னை மர நிழலில், ஒரு சிவப்புக் கார் கட்டைகளின்மேல் நின்றது. கதவில் வெள்ளை நிறத்தில் ஓர் எண். உள்ளே ட்ரைவர் கதிரையைத் தவிர மற்றெல்லாம் கழற்றியிருந்தார்கள். அடியில் படுத்திருந்தவள் நிஷாந்தினி. ஜோர்ஜ் தலையில் கை வைத்தபடி குந்தியிருந்தான்.

“நானா! நல்ல நேரம் வந்தீங்க,” என்றான். “எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்ல. காலமை ஸ்டார்ட் பண்ணினம். ஒரு நிமிஷம் ஓடிச்சு, ஒயில் லைட் பத்திட்டுது. இவள் உடனே நிப்பாட்டிட்டாள். பம்ப்ப மாத்தினம். வயரப் பாத்தம். திரும்பவும் அப்பிடித்தான்.”

“போன பந்தயத்தில வளைவில ஒயில் இல்லாமத்தான் எஞ்சின் போச்சு,” என்றாள் நிஷாந்தினி, காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து. “அதுக்குத்தான் இந்தக் கதவு வேல. இப்ப நேர நிக்கேக்கயே வருதில்ல.”

“பந்தயம்... ஆர் ஓடுற?”

“நான்தான்.”

லத்தீப் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேப்பரை, நெருப்புப்பெட்டியை, நாலு பொட்டை. பதினொரு நாள் கதையைச் சொல்லத் தொடங்கி, அது சாக்குச் சொல்வது போலிருந்ததால் பாதியில் விட்டுவிட்டார்.

நிஷாந்தினி முதலில் சிரித்தாள். “தங்கமா? எங்களிட்டயா?” ஜோர்ஜ் சிரிக்கவில்லை.

“நேவி கிழமைக்கு ரெண்டு தரம் என்ட படகக் கவிட்டுப் பாக்குது,” என்றான். “கற்பிட்டிக்காரன் எண்டா எல்லாருக்கும் கள்ளன். நீங்களுமா நானா? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கத்தான் ஃபோன் எடுத்தன். பிறகு… கேக்கப் பயமா இருந்திச்சு.”

ஒயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றினார்கள். ஜோர்ஜ் அயல்வீட்டில் கிரைண்டர் வாங்கிவந்து, அவர் கையில் கொடுக்காமல் நிலத்தில் வைத்தான். லத்தீப் குந்தியிருந்து நாலு பொட்டையும் சீவி எடுத்தார், தூள் போகக் கழுவினார், விரலால் தட்டிப் பார்த்தார். நாலும் ஆடின.

பின்னேரம் களப்பு நீரோரத்துத் திறந்த வெட்டைக்குக் காரைக் கொண்டுபோனார்கள். லத்தீபும் வருவேன் என்று ஏறி, கதிரை இல்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தினார். நிஷாந்தினி வட்டமடிக்கத் தொடங்கினாள். இடது பக்கம், வலது பக்கம், திரும்ப இடது பக்கம். தென்னையும் களப்பும் வானமும் கலந்து ஓடின. அவர் கண்ணை மீட்டரிலிருந்து எடுக்கவில்லை. எந்த வளைவிலும் லைட் பற்றவில்லை. கார் நின்றபோது இறங்கியவருக்குக் கடல் எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மணலிலேயே குந்திவிட்டார்.

“பிள்ளை, நல்லா ஓடுறீங்க,” என்றார்.

அவரை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவள் நிஷாந்தினி. ஜோர்ஜ் வலைப் பக்கம் போயிருந்தான், போகிறேன் என்று சொல்லக் கிடைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு நிஷாந்தினி அவருக்கு ஃபோன் எடுத்தாள். பந்தயத்தில் பதினான்கு பேரில் ஆறாவதாக வந்திருக்கிறாள். எஞ்சின் ஒரு தடவைகூட முனகவில்லையாம். லத்தீப் அதை இன்னொரு தடவை சொல்லவைத்துக் கேட்டார்.

“அண்ணன் என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“அண்ணனா? கடலுக்குப் போயிட்டார் நானா.”

அது வெறும் தகவலா, இல்லை வேறு பதிலா என்று அவருக்குப் புரியவில்லை. அந்த வருஷம் முழுக்க ஜோர்ஜ் மதுரங்குளிப் பக்கம் வரவில்லை. ஒட்டுவிக்க ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். றஹ்மா அப்படித்தான் சொன்னாள். லத்தீப் சில நாட்கள் அதை நம்பினார், சில நாட்கள் நம்பவில்லை.