ஏழு வேளை

ஜெயங்கொண்டத்தில் நான் பழைய டூவீலர் வாங்கி விற்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். வண்டி நாளெல்லாம் ஓட வேண்டியதில்லை. ஆள் பார்க்க வருகிற அந்த அரை மணி நேரம் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனால் போதும், மற்றதை வாய் பார்த்துக்கொள்ளும். இந்தத் தமிழழகன் வாய் என்றால் ஆண்டிமடம் வரைக்கும் பேர் உண்டு. அந்தப் புத்தியைத்தான் என் அக்கா புருஷனிடமும் காட்டினேன்.

மாமா பேர் இளையபெருமாள். ஆண்டிமடம் பக்கத்தில் வீடு. அரியலூரிலிருந்து சிமெண்ட் லோடு ஏற்றிப் போகிற லாரிக்கு டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை வருகிறதென்று லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே போய்விட்டது. போன கால் சும்மாவாவது கிடக்கலாம், அதுவும் இல்லை. திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். முழங்கால் மடங்கி நெஞ்சு வரைக்கும் வரும். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவார். அதற்குத்தான் திருச்சி டாக்டர் தசையைத் தளர்த்துகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இழுப்பு மாத்திரை.

இழுப்பு நின்றது. கூடவே மனுஷனும் நின்றுவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்குவார். கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிறவர், டாஸ் போடுவதற்குள் குறட்டை விடுவார். நாக்கு தடித்துப் பேச்சு குழறும், கடைவாயில் எச்சில் வழியும். டாக்டரிடம் சொன்னோம். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும், அடுத்த தடவை வரும்போது அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றார். "ஆனா நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. திடீர்னு நிறுத்தினா ஆபத்து" என்று அக்காவைப் பார்த்து விரலை ஆட்டிச் சொன்னார். பக்கத்தில் நானும்தான் நின்றேன். எந்த டாக்டர்தான் மாத்திரையை நிறுத்து என்று சொல்வான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்கா மேகலா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூன்று வேளைக்கும் செல்லில் அலாரம் வைத்தாள். கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாலும் அலாரம் அடித்தால் போட்டது போட்டபடி ஓடி வருவாள்.

இவர்களுக்கு ஒரே பெண், சத்யப்பிரியா. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். தை மாசம் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது. மாமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து "வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தை வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. காபி வருவதற்குள் தலை தொங்கி, புதுச்சட்டையில் எச்சில் வடிந்தது. மாப்பிள்ளையின் அத்தைக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு குனிந்து ஒரு தடவை மோந்து வேறு பார்த்தாள். மறுநாள் தரகர் போன் பண்ணினார்.

"கால் போன கவல, மனுசன் பகல்லயே ஏத்திக்கிறாரு போலன்னு பேசிக்கிறாங்க. குடிகார வூட்டுல சம்பந்தம் வேணாமாம்."

மாமா தன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. லாரி டிரைவர் குடிக்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. தரகர் சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வைகாசியில் மீன்சுருட்டியிலிருந்து அறிவரசன் வரன் வந்தது. நெய்வேலியில் வேலை. இந்தத் தடவை நான் உஷாராகப் பெண்ணைக் கோயிலில் வைத்தே காட்டிவிட்டேன். பையனுக்குப் பிடித்தது, அவன் அப்பா பெரியசாமிக்கும் பிடித்தது. சத்யாவும் அவனும் போனில் பேச ஆரம்பித்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உறுதி, தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. தட்டை நீட்டிக் கொடுக்க வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர். அதற்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு வார்த்தை தெளிவாகப் பேச வேண்டும்.

வியாழக்கிழமை அக்கா கொல்லைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் முழிச்சிருக்கணும்டா. எம் பொண்ணு தட்ட நான் தூங்கிக்கிட்டே குடுக்கக் கூடாது."

"இவ்ளோதானே மாமா? நாளையிலேருந்து மாத்திரைய முழுங்காதீங்க. மூணு நாளு. ஞாயித்துக்கிழம ராத்திரிலேருந்து வழக்கம்போலப் போட்டுக்கலாம்."

"உங்க அக்கா?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? வாயில போடுற மாதிரி போட்டு, தண்ணியக் குடிச்சிட்டு, அவ அந்தாண்ட போனதும் துப்பிடுங்க."

பெரிய திருட்டு செய்யப்போகிற பையன்கள் மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். மாமா அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. சனிக்கிழமை போனபோது வேறு ஆளாக இருந்தார். கண் பளிச்சென்று இருந்தது. ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை. லாரி ஓட்டிய கதை, செக்போஸ்ட்டில் மாட்டிய கதை என்று ஓயாமல் பேசினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கல்யாணம் கூடி வந்ததும் ஒடம்பும் கூடி வருதுடா தம்பி" என்றாள். ராத்திரி அவர் பொட்டுக்கூடத் தூங்கவில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே கிடந்தார் என்பதையும் அவள்தான் சொன்னாள். சந்தோஷத்தில் தூக்கம் வந்திருக்காது என்று நான் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். கால் இரண்டும் விறைத்து, விட்டு விட்டு உதறிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"துண்ட எடுத்து நாக்காலியோட சேத்துக் கட்டு மாப்ள. இறுக்கமாக் கட்டு. மேல வேட்டி மறைச்சிடும்."

பச்சைத் துண்டால் கட்டினேன். கட்டும்போதே துணிக்குள் கால் திமிறியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ஏழு வேளை மாத்திர இதுல இருக்கு. தூரக் கொண்டுபோய்ப் போட்டுரு. உங்க அக்கா கண்ணுல பட்டுச்சு, நான் செத்தேன்."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தரை மணிக்குத் தட்டு மாற்றினார்கள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், புடவை எல்லாம் இருந்த தட்டை மாமா இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். "எங்க வூட்டு வெளக்க உங்க வூட்டுக்குக் குடுக்குறோம். பாத்துக்குங்க சம்பந்தி" என்றார். அவ்வளவு தெளிவாக. சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று வண்டி விற்றுவிட்ட திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தி முடியும் முன்பே மாமாவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மதிய மாத்திரையோடு போன அக்கா, பல்லைத் திறக்க முடியவில்லை என்று கத்தினாள். மாமா எங்களை யாரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து, "லோடு சரியுது, கயித்த இழுங்கடா, மழ வருது" என்று கடித்த பல்லுக்குள்ளேயே அலறினார். பிறகு வலிப்பு வந்தது. நாற்காலியோடு சேர்ந்து உடம்பு துள்ளியது. துண்டை அவிழ்க்க வராமல் அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன்.

ஆம்புலன்ஸ் ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து அரியலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. நாலு மணி இருக்கும். பெரியசாமியும் ஊருக்குப் போகாமல் காரில் பின்னாலேயே வந்துவிட்டார். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"இவரு சாப்பிடுற மாத்திரை எதையாவது நிறுத்துனீங்களா? ரெண்டு மூணு நாளா விட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு வேள தவறல சார்" என்றாள் அக்கா. "எம் பொண்ணு மேல சத்தியமா. இந்தக் கையாலதான் குடுத்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பொட்டலம் என் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் பெரியசாமி. சொன்னால் என்ன ஆகும்? காலையில் பார்த்த சம்பந்தி வேஷம் கட்டிய சம்பந்தி என்று தெரிந்துவிடும். இரண்டாவது வரனும் போய்விடும். அக்கா என்னை என்ன செய்வாளோ. காய்ச்சல்தானே, ஊசி போட்டால் இறங்கிவிடும், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஊரையே பேச்சில் மயக்குகிற நான் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். மாமாவின் உடம்பு பலகையாக விறைத்திருந்தது. கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நேராக டாக்டரிடம் ஓடிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன்.

"எப்ப நிறுத்துனது?"

"வெள்ளிக்கிழம காலையில சார்."

"நேத்து நாலு மணிக்கு நீங்க நிக்கும்போதுதானே கேட்டேன்?"

அவர் என்னைத் திட்டக்கூட நேரம் ஒதுக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு அந்த மாத்திரையைக் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு நிமிஷம் நின்று சொன்னார். ரெண்டு வருஷமாக உடம்பு இந்த மருந்துக்குப் பழகியிருந்தது. ஒரேயடியாக நிறுத்தியதும் அடங்கியிருந்த இறுக்கமெல்லாம் மொத்தமாகத் திரும்பிவிட்டது. தசை கிழிந்து, அதன் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. "நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் அக்காவும் பெரியசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன?" என்றாள்.

"ஏழு வேளை."

"ஏழு வேளையும் நாந்தான் தண்ணி குடுத்தேன். ஒவ்வொரு வேளையும் என்னப் பாத்துச் சிரிச்சாரு. நல்லா ஆயிட்டாருன்னு நெனச்சேன் தம்பி." அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பெரியசாமி பெஞ்சிலிருந்து எழுந்து என் பக்கம் வந்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். "அவரு மாத்திரையில தூங்குறாருன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியுமே. ஒங்க பாப்பா எங்க பையன்கிட்ட போன்ல மொத நாளே சொல்லிடுச்சு. எங்கப்பா அசந்து தூங்கிடுவாரு, எச்சி ஒழுகும், குடிச்சிருக்காருன்னு நெனக்காதீங்க, அதுக்குச் சம்மதம்னா வாங்கன்னு. அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் பொண்ணே வேணும்னு வந்தோம். அவரு தூங்கியிருந்தா, தட்ட மடியில வெச்சிட்டு நாங்களே எடுத்துக்கிட்டிருப்போம்."

யாரை ஏமாற்ற நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனோ, அவர்களை ஏமாற்ற அங்கே எதுவுமே இருக்கவில்லை.

புதன்கிழமை விடியும்போது மாமா போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். நான்தான் தேடினேன். சத்யா செல்லில் இரண்டு வருஷத்துப் படங்கள் இருந்தன. பொங்கல், அவள் பிறந்தநாள், பட்டம் வாங்கிய அன்று, எல்லாவற்றிலும் மாமா கண்ணை மூடியிருந்தார். அவர் தோளில் சாய்ந்து அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது ஒரே ஒரு படத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, இரண்டு கையாலும் தட்டை நீட்டியபடி.

பிளெக்ஸ் கடைக்காரன் தட்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கினான். இப்போது அது முச்சந்தியில் நிற்கிறது. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "நோயாளி மாதிரியே இல்லையே, எவ்ளோ தெளிவா இருக்காரு" என்கிறார்கள். என் வண்டிக் கடைக்குப் போக எனக்கு அந்த வழிதான். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணை மூடாமல்.