அட்ஜஸ்ட் பண்ணு, ஒச்சம்மே

எழுபத்தெட்டுல நான் கொச்சி மட்டாஞ்சேரியில சுக்கு குடோனுக்கு வேலைக்கு வந்தப்ப, எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் வார்த்தை ‘அட்ஜஸ்ட்’தான். எறணாகுளம் போற படகுல யாராவது அதைச் சொன்னா, நான் ஒடுங்கி உட்காரணும். என் வீட்டுக்காரர் சொன்னா, அவர் தம்பிமாருக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டுட்டு, மிச்சமிருந்தா நான் சாப்பிடணும். குடோன் மேனேஜர் சொன்னா, மூத்திரத்தை அடக்கிக்கணும். அங்க இருந்த ஒரே கக்கூஸ் அவரோடது. நான் கேட்கும்போதெல்லாம், "சாயங்காலம் வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணு, ஒச்சம்மே"ம்பாரு.

சொல்றது யாரா இருந்தாலும் பண்றது நான்தான்.

ஒரு மழை நாள்ல என்னால அடக்க முடியலை. சுளகைக் கீழ போட்டுட்டு நேரா அந்தக் கக்கூஸுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"எடீ, எனக்கு அவசரமாணு!"ன்னு மேனேஜர் வெளிய நின்னு கதவை இடிச்சாரு.

நான் சாவகாசமா வெளிய வந்தேன். அவர் கால் வைக்கறதுக்குள்ள, என்கூட சுக்கு புடைக்கிற பேச்சி உள்ள புகுந்து தாழ்ப்பாள் போட்டா. அவளுக்கு அடுத்து குடோன் பொம்பளைக அத்தனை பேரும் வரிசையா நின்னாங்க.

"இவங்கல்லாம் போயிட்டு வரட்டும், சாரே"ன்னேன். "அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."